எந்த லார்டு கிளைவ்? இங்கிலீஷ் பிரபுவின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்களுக்கு

எங்கள் ஊர் கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நாலு வரி எழுதத் தெரிந்தவன் என்று பேர் வாங்கிவிட்டால் இதெல்லாம் வந்து சேரும், தப்பிக்க முடியாது. சேலம் ஜில்லாவில் பல ஊர்களைப் போல எங்களுடையதும் ஒரு காலத்தில் மிட்டா, அதாவது ஜமீன் மாதிரி ஒருவர் ஏலத்தில் எடுத்து வரி வசூலித்த எஸ்டேட். அதனால் ஜம்பமாக, 'லார்டு கிளைவ் கவர்னராக இருந்தபோது எங்கள் ஊர் மிட்டாவாகப் பிரிக்கப்பட்டு ஏலம் போனது' என்று எழுதி, பக்கத்தில் பிளாசிப் போர் கிளைவின் படத்தையும் போட்டுவிட்டேன். மலர் அச்சாகி வந்து, கோயில் வாசலில் கட்டுக் கட்டாக அடுக்கியும் ஆகிவிட்டது. ரிடையர்டு தலைமையாசிரியர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, கிளைவு 1774லயே செத்துப் போயிட்டாரு. 1802ல நம்ம ஊரை எப்படி ஏலம் உட்டாரு?"

எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தால் நான் எழுதிய வாக்கியம் சரிதான், படம்தான் தப்பு. 1798லிருந்து 1803 வரை சென்னையில் கவர்னராக இருந்ததும் ஒரு லார்டு கிளைவ்தான், பிளாசி கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ். அப்பாவும் லார்டு கிளைவ், மகனும் லார்டு கிளைவ். நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போல என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பெயரல்ல, பட்டம்தான் கைமாறுகிறது.

இந்த அவமானத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ஊர் மலரோ, பள்ளிக்கூட புராஜெக்ட்டோ, சும்மா ஆர்வமோ, எதற்காக ஒரு இங்கிலீஷ் பிரபுவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தாலும் முதலில் பெயரைத் தேடாதீர்கள், ஆண்டைப் பிடியுங்கள். 'கலெக்டர் வந்தார்' என்றால் எந்த வருடக் கலெக்டர் என்று கேட்போம் இல்லையா, 'லார்டு இன்னார்' என்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். நாற்காலி ஒன்று, உட்காருகிற ஆள் மாறிக்கொண்டே இருப்பார். நான் இப்போதெல்லாம் நோட்டில் ஒரு பட்டம் எழுதினால் பக்கத்திலேயே ஆண்டைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்குப் போகிறேன்.

பட்டங்களின் வரிசையைக் கீழிருந்து சொன்னால் பாரன், வைகவுண்ட், ஏர்ல், மார்க்விஸ், டியூக். ஐந்தே ஐந்து, மனப்பாடம் செய்துவிடுங்கள். (பாரனைப் பேரன் என்று எழுதாதீர்கள், தாத்தா யார் என்று கேட்பார்கள்.) இந்த ஐந்தில் ஒன்று இருந்தால்தான் பிரபு. 'சர்' என்பது பிரபுப் பட்டம் கிடையாது. பேரனட் என்று ஒன்று உண்டு, அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும், பெயருக்கு முன்னால் 'சர்' வரும், ஆனாலும் பார்லிமெண்டின் பிரபுக்கள் சபையில் இடமில்லை. நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த தாமஸ் மன்றோ அந்த வகை. பேரனட் ஆனதும் 1825ல்தான். தர்மபுரியில் உட்கார்ந்து நிலவரி பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ராணுவத்தில் வெறும் லெப்டினன்ட், பிறகு கேப்டன். 'சர் மன்றோ' என்றும் எழுதக்கூடாது, சர் என்ற சொல் முதற்பெயரோடுதான் ஒட்டும்: சர் தாமஸ், அல்லது முழுதாக சர் தாமஸ் மன்றோ.

பாட்டி தாத்தாக்களிடம் கதை கேட்டு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவர்களுக்கு எல்லா வெள்ளைக்காரனும் துரைதான். கலெக்டரும் துரை, எஸ்டேட் மேனேஜரும் துரை, ரயில்வேக்காரரும் துரை. அதை நாம் பேப்பரில் எழுதும்போது துரை 'பிரபு'வாகிவிடுகிறார். ஏற்காட்டுக்கு வந்த சொந்தக்காரர்களை லேடீஸ் சீட்டில் நிறுத்தி, கீழே சேலத்து விளக்குகளைக் காட்டியபடி, 'இங்கே காபியைக் கொண்டுவந்தது காக்பர்ன் பிரபு' என்று நானே கதை விட்டிருக்கிறேன். காக்பர்ன் 1820களில் சேலம் கலெக்டர், ஸ்காட்லாந்துக்காரர், சேர்வராயன் மலையில் காபி வந்தது அவர் காலத்தில்தான். அதெல்லாம் சரி, பிரபு மட்டும் இல்லை. துரை என்று கேட்டால் துரை என்றே எழுதிவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

சரி, 'லார்டு'க்கு வருவோம். லார்டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். லார்டு கிளைவ், லார்டு கார்ன்வாலிஸ் என்று பட்டப்பெயர் நேராக வந்தால் பெரும்பாலும் அவர் பிரபு. லார்டு வில்லியம் பெண்டிங்க் என்று நடுவில் முதற்பெயர் வந்தால் அவர் ஒரு டியூக்குக்கோ மார்க்விஸுக்கோ பிறந்த இளைய மகன். மரியாதைக்கு லார்டு, சட்டப்படி சாதாரண ஆள், எனவே தேர்தலில் நின்று மக்கள் சபைக்கே போகலாம், பெண்டிங்க் போகவும் செய்தார். அதனால்தான் அவரை 'லார்டு பெண்டிங்க்' என்று சுருக்கக்கூடாது என்கிறார்கள். நம் பாடப்புத்தகக் காலத்திலிருந்தே 'பெண்டிங் பிரபு' என்று சொல்லிப் பழகிவிட்டோம், மாற்றுவது கஷ்டம்தான். இவர் நமக்கு முக்கியம். 1803 ஆகஸ்ட் கடைசியில் எட்வர்ட் கிளைவ் போனதும் சென்னை கவர்னராக வந்து உட்கார்ந்தது இவர்தான். உங்கள் ஊர் மிட்டா பத்திரத்தில் 1803 என்று இருந்தால் மாதத்தையும் பார்த்துவிட்டுக் கவர்னர் பெயரை எழுதுங்கள். 1806 வேலூர்க் கலகத்துக்குப் பிறகு, 1807ல் இவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்த வருடம் இங்கிலாந்தின் பிரதமர் யாரென்றால் இவருடைய அப்பா, போர்ட்லண்ட் டியூக். அப்பா பிரதமராக இருந்தும் பிள்ளை வேலை போயிற்று!

பட்டம் கிடைக்கும்போது பெயரே மாறிவிடுகிற கேஸும் உண்டு. சென்னை கன்னிமாரா நூலகம் எல்லோருக்கும் தெரியும். கன்னிமார் சாமி பெயரில் வைத்த நூலகம் என்று நம்பிய என் சித்தப்பா இன்றைக்கும் அதை முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. அது அயர்லாந்தின் மேற்கில் இருக்கும் கானமரா என்ற இடத்தின் பெயர். அந்த இடத்தைப் பட்டமாக வாங்கியவர் ராபர்ட் பூர்க், 1886லிருந்து 1890 வரை சென்னை கவர்னர். பட்டம் கிடைத்தது 1887ல். அதற்கு முன்னால் பல வருடம் அவர் பார்லிமெண்டில் இருந்ததை நீங்கள் கன்னிமாரா என்று போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, பூர்க் என்று தேட வேண்டும். ஆக, தேடல் பெட்டியில் எதையும் தட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் அந்த ஆளின் எல்லாப் பெயர்களையும் ஆண்டு வாரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இதை ஒரு ஆளை வைத்து முழுசாகச் செய்து காட்டுகிறேன். சேலத்துக்காரர்களுக்கு கார்ன்வாலிஸை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'காரன்வாலிஸ்' என்றிருக்கும், இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

1738 டிசம்பர் 31, லண்டனில் பிறந்தபோது அவர் வெறும் சார்லஸ் கார்ன்வாலிஸ். அப்பா அப்போது ஒரு பாரன். 1753ல் அப்பாவை ஏர்ல் ஆக்கினார்கள். ஏர்லின் மூத்த மகன் அப்பாவின் சின்னப் பட்டம் ஒன்றை மரியாதைக்குப் போட்டுக்கொள்வது வழக்கம், அப்படிப் பையன் வைகவுண்ட் புரோம் ஆனார். 1762ல் அப்பா இறந்ததும் ஏர்ல் கார்ன்வாலிஸ். 1792ல் மார்க்விஸ். ஒரே மனிதருக்கு நாலு பெயர். இதை எழுதிக்கொள்ளாமல் 1760ஆம் வருடப் பார்லிமெண்ட் பட்டியலில் கார்ன்வாலிஸைத் தேடினால் சித்தப்பா பெரியப்பாக்கள் வந்து நிற்பார்கள், நம்மாள் புரோம் என்ற பெயரில் ஒளிந்திருப்பார்.

அடுத்ததாக, எந்தச் சபை என்று கேளுங்கள். அரசியல்வாதியான பிரபுவின் வாழ்க்கையில் பாதி இதிலேயே புரிந்துவிடும். மரியாதைப் பட்டம் வெறும் மரியாதைதான் என்பதால் வைகவுண்ட் புரோம் 1760ல் சஃபோக் கவுண்டியில் ஐ என்ற சின்ன ஊரிலிருந்து மக்கள் சபைக்குத் தேர்வானார். தேர்வானார் என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள், அந்தத் தொகுதி அவர்கள் குடும்பத்தின் பிடியில் இருந்தது. இரண்டே வருடத்தில் அப்பா போனதும் மக்கள் சபை இடம் போய்விட்டது, தானாகவே பிரபுக்கள் சபைக்காரர் ஆகிவிட்டார். அதே காலத்தில் பிளாசி கிளைவும் பாரன்தான், ஆனால் சாகும்வரை மக்கள் சபையில் உட்கார்ந்திருந்தார். எப்படி என்றால் அவருக்குக் கொடுத்தது அயர்லாந்துப் பட்டம், அதற்கு லண்டன் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. இது தெரியாமல் 'பிரபுக்கள் சபை உறுப்பினர் கிளைவ்' என்று எழுதியவர்கள் நிறையப் பேர்.

சபை தெரிந்தால் ஓட்டு எப்படிப் போட்டார் என்று பார்க்கலாம். 1766ல் அமெரிக்கக் காலனிகளுக்கு எல்லா விஷயத்திலும் சட்டம் போடும் உரிமை பார்லிமெண்டுக்கு உண்டு என்று ஒரு மசோதா வந்தது. பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்தவர்கள் ஐந்தே பேர், அதில் கார்ன்வாலிஸ் ஒருவர். அந்த ஆள்தான் பிறகு அதே அமெரிக்கர்களோடு சண்டை போடப் போய் 1781 அக்டோபர் 19ல் யார்க்டவுனில் சரணடைந்தார். சரணடையும் சடங்குக்குக்கூட உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தனக்குக் கீழிருந்த ஓ'ஹாராவை அனுப்பினார். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்கு அல்வா மாதிரி இடம் இது, அதனால்தான் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த துணுக்கு. கைதியான கார்ன்வாலிஸுக்கு மாற்றாகப் பேசப்பட்ட அமெரிக்கர் ஹென்றி லாரன்ஸ் அடைபட்டுக் கிடந்தது லண்டன் டவர் கோட்டையில். அந்தக் கோட்டைக்கு அப்போது கான்ஸ்டபிள் பதவியில் இருந்தது யார்? கார்ன்வாலிஸேதான்! இங்கே கான்ஸ்டபிள் என்றால் ஸ்டேஷன் ஏட்டு இல்லை, கோட்டைக்கே தலைமைப் பதவி.

படத்தையும் பாருங்கள். அவருடைய ஓவியங்களில் ஒரு கண் லேசாக ஒதுங்கியிருக்கும். ஈட்டன் பள்ளியில் படிக்கும்போது ஹாக்கி மட்டை பட்ட காயம். அடித்த பையன் ஷூட் பாரிங்டன், பின்னாளில் டர்ஹம் பிஷப். ஓவியரின் கை நடுங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், படித்த பிறகுதான் புரிந்தது.

இப்போது நம் ஊர். கார்ன்வாலிஸ் 1786ல் கவர்னர் ஜெனரலாக வந்தார். திப்புவோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 பிப்ரவரியில் வேலூர்ப் பக்கமிருந்து முக்ளி கணவாய் வழியாக மேலேறி, மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுத்தார், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார், இரண்டு பிள்ளைகளைப் பணயமாக அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த பங்கில் மலபார், திண்டுக்கல், அப்புறம் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும். சேலம் கம்பெனி கைக்குப் போன வரலாறு இந்த ஒரு கையெழுத்தில் இருக்கிறது. அப்போது அவர் ஏர்ல்தான், மார்க்விஸ் ஆனது அதே வருடம் ஆகஸ்டில். 'மார்க்விஸ் கார்ன்வாலிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்' என்று எழுதினால் ஐந்து மாதம் முந்திக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். புதிதாக வந்த பாராமகாலைப் பார்த்துக்கொள்ள கார்ன்வாலிஸ் மெட்ராஸிலிருந்த கம்பெனியின் சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை, அவர்களுக்கு நாட்டு மொழி தெரியாது என்பது அவர் எண்ணம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ ஆளை அனுப்பினார். ரீடுக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர்தான் மன்றோ. அவர்கள் ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமே வரி பேசினார்கள். ரயத்துவாரி என்று பிறகு பெயர் வாங்கிய முறை இங்கேதான் வேர் பிடித்தது, இன்றைக்கும் தாலுகா ஆபீஸில் வருடாவருடம் ஜமாபந்தி நடக்கிறது என்றால் அந்தக் கணக்கு வழக்குப் பரம்பரையில்தான். அதே கார்ன்வாலிஸ் 1793 மார்ச்சில் வங்காளத்தில் சாசுவத நிலவரி (ஜமீன்தார் கட்டும் வரியை நிரந்தரமாக நிர்ணயிக்கும் முறை) கொண்டுவந்தார், அங்கே ஜமீன்தார்தான் எல்லாம். ஒருவரே ஒரு பக்கம் ஜமீன்தாரை நிரந்தரமாக்குகிறார், இன்னொரு பக்கம் ஜமீன்தாரே வேண்டாம் என்ற முறைக்கு அடிபோடும் ஆட்களை அனுப்புகிறார். 'நல்லவரா கெட்டவரா' என்று கேட்டு எழுத ஆரம்பித்தால் இது கண்ணில் படவே படாது.

கதை அங்கேயும் முடியவில்லை. கார்ன்வாலிஸ் ஊருக்குப் போய் ஒன்பது வருடம் கழித்து, வங்காள முறையையே இங்கேயும் கொண்டுவர 1802ல் சென்னை அரசு 25ஆவது ரெகுலேஷனைப் போட்டது. கவர்னர் நம்ம மகன் கிளைவ். ரீடும் மன்றோவும் அளந்து வைத்த கிராமங்களை மிட்டா மிட்டாவாகக் கட்டி ஏலம் விட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். கிஸ்தி கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் சர்க்காருக்கே திரும்பி வந்தன, மிச்சம் நின்றவை 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை ஓடின. எங்கள் ஊரில் இன்றும் ஒரு வீட்டை மிட்டாதார் வீடு என்றுதான் சொல்கிறோம், ஓடு சரிந்து, திண்ணையில் இப்போது கறிவேப்பிலை காய்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு வீடு இருந்தால் பிரபுவின் கதையை லண்டனில் தொடங்காமல் அந்தத் திண்ணையில் தொடங்குங்கள்.

கார்ன்வாலிஸின் பிற்பாதியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1798லிருந்து 1801 வரை அயர்லாந்தில் அரசப் பிரதிநிதி, அயர்லாந்துப் பார்லிமெண்டை பிரிட்டனோடு இணைக்க ஓட்டுக்குப் பேரம் பேசும் வேலையை அருவருப்போடு செய்தார், கத்தோலிக்கர்களுக்கு உரிமை கொடுக்க ராஜா மறுத்ததும் பதவியை விட்டார். 1802ல் பிரான்ஸோடு அமியான் உடன்படிக்கை. மறுபடி இந்தியாவுக்கு அனுப்பினார்கள், 1805 ஜூலை 30ல் பொறுப்பேற்றார். தேதியைப் பக்கத்தில் எழுதும் பழக்கம் இருந்தால் இதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவீர்கள், ஏனென்றால் தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது ஜூலை 31. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருப்பதாக எழுதிவிடாதீர்கள், கல்கத்தாவில் முந்தின நாள் பதவியேற்றவருக்கு சங்ககிரியில் நடப்பது தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டையும் வைத்தால் நம்மூர் வாசகனுக்கு அந்தக் காலம் கையில் கிடைத்துவிடும். அந்த அக்டோபர் 5ல் காசிப்பூரில் கார்ன்வாலிஸ் இறந்தார், சமாதியும் அங்கேயே இருக்கிறது.

ஆள் இறந்த பிறகு பட்டம் எங்கே போனது என்று ஒருமுறை பார்த்துவிட்டு முடியுங்கள். அவருடைய ஒரே மகனுக்குப் பெண்பிள்ளைகள் மட்டும். 1823ல் மகன் இறந்ததும் மார்க்விஸ் பட்டம் அத்தோடு அழிந்தது. ஏர்ல் பட்டம் பழையது என்பதால் பின்னோக்கிப் போய் சித்தப்பாவிடம் சேர்ந்தது, அவரோ ஒரு பிஷப். அவர் மகனோடு 1852ல் அதுவும் தீர்ந்தது. ஆக 1823க்குப் பிறகு எங்காவது 'ஏர்ல் கார்ன்வாலிஸ்' என்று கண்ணில் பட்டால் அது நம்மாள் இல்லை.

எங்கே தேடுவது என்பவர்களுக்கு: பிரிட்டிஷ் பார்லிமெண்ட் வரலாற்றுத் திட்டத்தின் இணையதளத்தில் பழைய மக்கள் சபை உறுப்பினர்கள் பலருக்கும், தொகுதிகளுக்கும் குறிப்பு உண்டு, இலவசம். பட்டம் கொடுத்த தேதிக்கு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட். நம் பக்கத்துக்கு 1883ல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்ட மேனுவலைத் தேடுங்கள், மிட்டாக்கள் பற்றி அதில் நிறைய இருக்கிறது. எழுதியவர் யார் பக்கம் நின்று எழுதினார் என்பதை மட்டும் மறக்காமல் படியுங்கள். அசல் காகிதம் வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுத்தான் போக வேண்டும்.

மலரில் நான் செய்த தப்புக்கு ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்து, மகளையும் அண்ணன் பையனையும் உட்கார வைத்துப் பிரதிக்கு ஒன்றாக ஒட்டினோம். முதல் பிரதியை வாத்தியாரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். சீட்டைப் படித்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"எட்வர்ட் கிளைவு. சரி. 1804ல இவரு ஏர்ல் ஆஃப் பவிஸ் ஆயிட்டாராமே, அதைப் போடலையா தம்பி?"